முதுமைக்கு மருந்து உறவே

(கொல்லிமலை அறப்பளீசுவரர் திருக்கோயிலில் ஆடிப்பெருக்கு நாளன்று ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, அறப்பளீசுவரப் பெருமானைத் தரிசிக்க வந்துள்ளீர்கள். இங்குள்ள ஆற்று மீன்களுக்கு அன்பர்கள் உணவிடுவதைக் கண்டிருப்பீர்கள். முன்னொரு காலத்தில் இம்மீன்களைப் பிடித்து அறுத்துச் சமைக்க முற்பட்டபோது, துண்டங்கள் மீண்டும் பொருந்தி, உயிர்பெற்று, ஆற்றில் துள்ளி ஓடின என்பது தல வரலாறு. அறுந்ததைப் பொருத்தி வாழ்விப்பது இறைவன் திருவருள். இதனை மனத்திற்கொண்டு, நம் இல்லங்களில் அறுந்து கிடக்கும் உறவு ஒன்றைப் பற்றிச் சிந்திப்போம்.

முதுமையில் உடல் தளர்வது இயற்கை. ஆயினும் ஒத்த வயதினர் இருவருள் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, ஆகாயகங்கையில் நீராடி மீள்கின்றார். மற்றொருவர் திண்ணையை விட்டு எழவும் இயலாதிருக்கின்றார். உணவும் உழைப்பும் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணுகின்றோம். சுற்றமும் மனநிலையும் கூடக் காரணம் என்பர் மருத்துவ அறிஞர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஏறத்தாழ 7,000 பேரை ஒன்பது ஆண்டுகள் கவனித்து, 1979ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். உற்றார், நண்பர் தொடர்பு குறைந்தோரிடையே இறப்பு மிகுந்திருந்தது. அந்நாட்டின் ஒகையோ மாநிலத்தில் 50 வயது கடந்த 660 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. தம் முதுமையை நல்லதாகக் கருதியோர், இழிவாகக் கருதியோரைவிட ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, தனிமையுணர்வோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000க்கும் மேல் என மதிப்பிடுகின்றது.

தனிமை உடலை எவ்வாறு வருத்துகின்றது? ஆதரவற்றோம் என்னும் அச்சம் நீடித்தால் உறக்கம் கெடும். இரத்த அழுத்தம் உயரும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றும். தமக்கென மட்டும் அடுப்பு மூட்ட மனமின்றி இரவுணவைத் தவிர்ப்பர். மாத்திரையை நினைவூட்ட ஆளிராது. வெளியே நடவாமையால் தசை மெலிந்து, ஒருநாள் தடுக்கி வீழ்வர். வீழ்ந்த நாளே நோய் வந்த நாள் என்று நாம் கருதுகின்றோம். பேச ஆளின்றிப் போன நாளிலேயே அது வந்துவிட்டது.

இம்மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் மிகுதியாக விளைந்த காலத்தில், விதை தெரிந்தெடுக்கவும் பருவம் அறியவும் முதியோர் சொல் வேண்டப்பட்டது. மரவள்ளி முதலிய பணப்பயிர்கள் பரவியபின் அத்தேவை சுருங்கியது. பிள்ளைகளும் பிழைப்பு நாடி மலையிறங்குகின்றனர். நகரத்து இல்லங்களிலும் இதே நிலைதான். மாதந்தோறும் பணம் வந்து சேர்கின்றது, பிள்ளையின் குரல் வருவதில்லை.

பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என 2007ஆம் ஆண்டின் சட்டம் வலியுறுத்துகின்றது. சட்டம் பராமரிப்புத் தொகையைப் பெற்றுத்தரும்; அருகமர்ந்து உண்ண ஒருவரைப் பெற்றுத்தராது. அதனை நாமே செய்தல் வேண்டும்.

மருந்தை நிறுத்துங்கள் என்று யாம் கூறவில்லை. மருந்தோடு இவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். நாளுக்கு ஒருவேளையேனும் பெரியவர்களோடு அமர்ந்து உண்ணுங்கள். தொலைவில் இருப்போர் நாள்தோறும் பேசுங்கள். விதை காப்பதோ, பேரக்குழந்தைக்குக் கதை சொல்வதோ, பூத்தொடுப்பதோ, அவர்களால் இயன்ற பணியொன்றை அவர்களிடமே விடுங்கள். "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்னும் சொல்லை விலக்குங்கள். அண்டை வீட்டில் தனித்திருக்கும் முதியவரைக் கோயிலுக்கு உடன் அழைத்து வாருங்கள். ஆதரவற்ற முதியோர்க்கு 14567 என்னும் உதவி எண் உண்டு என்பதையும் தெரிவியுங்கள்.

பெரியோர்களே! உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். "எனக்கு இனி என்ன இருக்கிறது" என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் இருப்பதே இல்லத்திற்கு வலிமை.

ஆற்று மீனுக்கு அன்போடு பொரியிடும் கை, வீட்டிலுள்ள தாயின் கையையும் பற்றுவதாக. அறப்பளீசுவரர் திருவருளால் அறுந்த உறவுகள் பொருந்துக! அனைவரும் நலம் பெறுக!

திருச்சிற்றம்பலம்.