சோற்றுக் கணக்கு



கொரோனா காலத்து மனிதநேயத்தைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் சோற்றுக் கணக்கைப் பேசிவிட்டு உட்காருகிறேன்.

2020 மார்ச் 24 ராத்திரி நாட்டுக்கே பூட்டுப் போட்டார்கள். அந்த வாரமே கேரள அரசு, ஊருக்கு ஊர் சமூக சமையல்கூடம் திறக்கும்படி உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. உத்தரவு எந்த அரசும் போடும். சில நாட்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் எரிந்தனவே, அது எப்படி நடந்தது?

அங்கே 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பு இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்திலிருந்து இருபது பேர் சேர்ந்தால் ஓர் அயல்கூட்டம். வாரம் ஒருமுறை ஒருத்தர் வீட்டில் கூடுவார்கள், சேமிப்பை எண்ணி நோட்டில் எழுதுவார்கள், ஊர்க்கதையும் பேசுவார்கள். அந்த ஊர்க்கதையை லேசாக நினைக்காதீர்கள். எந்த வீட்டில் பெரியவர் படுத்த படுக்கை, எந்த வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில், எந்த அம்மா பட்டினி கிடந்தாலும் வாய்திறந்து கேட்கமாட்டார் என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஆட்சியர் அலுவலகத்துக் கணினியில் அது கிடையாது.

அந்தச் சமூக சமையல்கூடங்களில் சாப்பாடு 20 ரூபாய், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தால் 25, வழியில்லாதவர்களுக்கு இலவசம். இந்த இலவசப் பட்டியலில் யாரைச் சேர்ப்பது? அங்கேதான் சண்டை வரும். நம்மூரில் நிவாரண டோக்கன் கொடுத்தபோது பார்த்தோமே! வீடு வீடாக நிலைமை தெரிந்தவர்கள் உடன் இருந்தால் அந்தச் சண்டை பாதியாகக் குறையும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 29ஆம் தேதி கோட்டயம் மாவட்டம் பாயிப்பாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் திரண்டு தெருவுக்கு வந்தார்கள். ஊருக்கு அனுப்புங்கள் என்பது கோரிக்கை, சாப்பாட்டுக் குறையும் கூடவே வந்தது. விருந்தினர் தொழிலாளர் என்று அரசு மரியாதையாகத்தான் பெயர் வைத்திருந்தது. ஆனால் அவர்கள் எந்த அயல்கூட்டத்திலும் இல்லை. கேரளச் சாப்பாடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் பேச்சாகி, அவர்களே சமைத்துக்கொள்ள மாவும் பருப்பும் உருளைக்கிழங்கும் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நோட்டில் பெயர் இல்லாதவர் பசி கடைசியாகத்தான் கண்ணில் படுகிறது. நம்ம ஊர்ச் செங்கல் சூளையில் தங்கியிருப்பவர்களை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. சமைத்துப் போட்ட குடும்பஸ்ரீ பெண்களைத் தியாகிகள் என்று புகழ்ந்து கைதட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கைதட்டினால் அரிசிக் கடைக்காரர் கடனைத் தள்ளுபடி செய்வாரா? அவர்கள் நடத்திய ஜனகீய உணவகங்கள் என்ற மலிவு விலை உணவகங்களில் 20 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அரசு 10 ரூபாய் மானியம் கொடுத்தது. 2023இல் அதை நிறுத்தினார்கள். வரவேண்டிய பாக்கிக்காக, சமைத்த கைகளே கொடி பிடிக்க வேண்டி வந்தது.

நாம் ஒன்றும் மகளிர் குழுவுக்குப் புதியவர்கள் இல்லை. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்களை அரசே அமைக்கத் தொடங்கியது 1989இல், தர்மபுரி மாவட்டத்தில். கேரளத்துக்கு ஒன்பது வருஷம் முன்னால்! ஆனால் இன்றைக்கு நம் குழு கூடுகிறது என்றால் தவணை நாள் என்று அர்த்தம். பணத்தைக் கட்டிவிட்டு அக்கா பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்.

அதனால் வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். சமுதாயக் கூடத்தில் பெரிய அடுப்பும் பாத்திரமும் நிரந்தரமாக இருக்கவேண்டும். தெருவாரியாக, சூளையில் தங்கியிருப்பவர்களையும் சேர்த்து, துணை தேவைப்படுவோர் பட்டியலை மகளிர் குழுக்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தவேண்டும். அந்த வேலைக்கு ஊராட்சி கூலி கொடுக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை எடுத்துவிடச் சொல்லி இப்போதே இரண்டு பேர் என்னிடம் சொல்லியாகிவிட்டது. எடுக்கமாட்டோம். கையெழுத்துத் தாள் வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறோம்.