யாழ்ப்பாணத்துக் குடிநீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலேறும்.

அதே வெடிப்புகள் அழுக்குக்கும் வழிவிடுகின்றன. வலிகாமத்துத் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கசிவும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருக்கின்றன. நைத்திரேற்று மிகுந்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறையும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பால்மா கரைக்கும் தாய்மாருக்கு இதைத்தான் முதலில் சொல்லவேண்டும்.

அழுக்கு நைத்திரேற்று மட்டுமல்ல. சுண்ணாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தது தொடர்பான வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

கிணற்றுநீருக்கு மாற்றாக, 2024 ஓகஸ்ட்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். இப்படி வீட்டுக்கு வரும் குழாய்நீரில் குளோரின் உண்டு. மூடாத தொட்டியில் தேங்கினால் அது குறைந்துவிடும். ஆகவே தொட்டியைக் கழுவி மூடிவைப்பது வீட்டார் வேலை.