ஊர்ப் பள்ளி யாருடைய கடன்?



திருப்பூரின் பனியன் தொழிலும் பல்லடம், பொங்கலூர் வட்டாரத்து விசைத்தறிகளும் உழைப்போர்க்குக் கூலி தருகின்றன. தந்தையின் கூலியே பிள்ளையின் கல்விக்கும் அளவுகோலாகலாமா?

1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. பசித்த பிள்ளை பள்ளிக்கு வர அரசுப் பணம் வழிசெய்தது. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராயிருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மக்கள் கட்டடமும் தளவாடமும் சீருடையும் வழங்கினர். செல்வர் கொடுத்தது தம் பிள்ளைக்கு மட்டுமன்று. ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும். திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் 1930இல் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கியதும் அத்தகைய கொடையுள்ளத்தாலேயே.

கட்டணம் வேறு, கொடை வேறு. கட்டணம் செலுத்தியவர் பிள்ளைக்கே கதவைத் திறக்கும். கொடை எல்லார்க்கும் திறக்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கியது. அவ்விடங்களுக்கும் பணம் தரவேண்டியது அரசே.

ஆதலின் அடிப்படைக் கல்வி அரசின் கடன்; ஊராரின் கொடை அதற்குத் துணை. துணை முதலாகிவிடாது. வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றுவிட்டால், எஞ்சிய பள்ளியின் ஒழுகும் கூரைக்காகக் குரல் கொடுப்பவர் யார்? ஊர்ப் பள்ளி ஊரார் அனைவர்க்கும் உரியதாக இருக்கும்வரைதான் அரசும் தன் கடனை மறவாது.