வீடுடையோர் குரலும் நம் குரலும்



சீன நகரங்களில் நிலம் அரசுக்கே சொந்தம். வீடு வாங்கியவர்க்கு அதிகபட்சம் 70 ஆண்டு அனுபவ உரிமை மட்டுமே. ஆட்சியை மாற்றும் தேர்தலும் அங்கில்லை. ஆயினும் 2016-இல் வென்சௌ நகரில், 20 ஆண்டுக் கெடு முடிந்த வீட்டுக்காரர்களிடம் புதுப்பிக்கப் பெருந்தொகை கேட்கப்பட்டபோது, நாடெங்கும் நடுத்தர வகுப்பார் கலங்கிக் குரலெழுப்பினர். அவ்வாண்டு டிசம்பரிலேயே கட்டணமின்றிப் புதுப்பிக்க அரசு இணங்கியது.

அந்த மாடிகளைக் கட்டிய கிராமத்துக் கூலிகளுக்கு அத்தகைய செவி கிடைத்ததா? இல்லை. சுதந்திரத் தொழிற்சங்கத்துக்கே அங்கே இடமில்லை.

சொத்துள்ளவன் முனகினாலும் அரசு கேட்கும். இல்லாதவன் ஒன்றுகூடிக் கேட்டால்தான் கேட்கும். வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதை நாம் அனுபவித்தவர்கள். நமக்குச் சங்கம் உண்டு. சொந்த வீட்டுக் கோரிக்கையை அதன் வழியே ஒரே குரலில் எழுப்புவோம்!