சித்திரை வெயிலுக்கு ஐப்பசியிலேயே தீனி



குழுக் கடனில் ஒரு கலப்பின மாடு வாங்கினேன். மழைக்காலத்தில் வேளைக்கு 4 லிட்டர் கறந்த மாடு, சித்திரையில் 2 லிட்டருக்கு வந்துவிட்டது. பால் பணத்தில்தான் தவணை கட்டணும். ரெண்டு மாதம் கட்ட முடியலை. "மாட்டை வித்துடலாம்"னு வீட்டுக்காரர் சொன்னார்.

கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "மாட்டு மேல குறை இல்லம்மா. வெறும் வைக்கோல் வயித்தைத்தான் நிரப்பும். அதில் புரதம் நூத்துக்கு 3, 4 பங்குதான். பச்சைத் தழையும் வேணும்" என்றார்.

அந்த ஐப்பசி மழையிலேயே வரப்போரம் அகத்தியும் சூபாபுல்லும் விதைச்சேன். குளிக்கிற தண்ணி ஓடுற இடத்தில் கோ-4 புல் கரணை நட்டேன். முதல் கோடையில் தழை கொஞ்சம்தான் கிடைச்சுது. அடுத்த கோடையில் தினமும் ஒடிக்க முடிஞ்சுது. வைக்கோலைச் சின்னதா நறுக்கி, தழை கலந்து போடுறேன். சூபாபுல் மட்டும் பசுந்தீவனத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது. தினம் 50 கிராம் தாது உப்பும் உண்டு. தொட்டியில் எந்நேரமும் தண்ணி இருக்கும்.

போன சித்திரையில் வேளைக்கு 3 லிட்டருக்குக் குறையலை. தவணையும் நிற்கலை.

மாட்டை விக்கிறதுக்கு முன்னாடி அதன் தீனியைப் பாருங்க. இந்த மழைக்கு ஆளுக்குப் பத்து அகத்தியாவது வைங்க.