வர்த்தக உடன்படிக்கையும் தொழிலாளர் நலனும்



நாடுகள் தம்முள் செய்துகொள்ளும் வர்த்தக உடன்படிக்கைகள் சரக்கின் அளவையும் சுங்கவரியையும் பற்றிப் பேசுவதே வழக்கம். அச்சரக்கை ஆக்கிய கைகள் எத்தகைய நிலையில் உழைத்தன என்றும் அவை கேட்கலாமா? கேட்டால் பயன் விளையுமா? இவ்வினாக்களுக்குக் கம்போடியாவின் அனுபவம் விடை தருகின்றது.

1999ஆம் ஆண்டில் கம்போடியாவும் ஐக்கிய அமெரிக்காவும் ஆடை வர்த்தகம் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. அமெரிக்கச் சந்தைக்குக் கம்போடியா அனுப்பக்கூடிய ஆடைகளுக்குக் 'கோட்டா' எனும் வரம்பு அதில் விதிக்கப்பட்டது. கம்போடியத் தொழிற்சாலைகள் அந்நாட்டின் தொழிற் சட்டங்களையும் சர்வதேச நியமங்களையும் பேணி நடந்தால், ஆண்டுதோறும் அவ்வரம்பு 14 வீதம் வரை உயர்த்தப்படும் என்பதே அதன் உயிர்நிலை. பரிசு நாடு முழுவதற்கும் உரியது. ஆதலால் அயலவன் தொழிற்சாலையின் குறையும் ஒவ்வொரு முதலாளிக்கும் கவலையாயிற்று.

நிலைமை திருந்தியதை அறிவது எவ்வாறு? முதலாளியின் சொல் மட்டும் போதாது. அரசின் சொல்லும் போதாது. ஆகவே சர்வதேசத் தொழில் தாபனம் 2001ஆம் ஆண்டு முதல் தொழிற்சாலைகளுக்குப் பரிசோதகரை அனுப்பியது. கூலி ஒழுங்காகக் கொடுக்கப்படுகின்றதா, மேலதிக நேர வேலை வற்புறுத்தப்படுகின்றதா, தொழிற்சங்கம் அமைக்க இடமுண்டா என்றெல்லாம் அவர்கள் ஆராய்ந்தனர். குறைகளைத் தீர்க்காத தொழிற்சாலைகளின் பெயர்கள் அறிக்கையில் வெளிவந்தன.

2004ஆம் ஆண்டின் முடிவில் உலக ஆடைக் கோட்டா முறை நீங்கிற்று. அதனோடு பரிசும் நீங்கிற்று. பரிசோதனை தொடர்ந்ததாயினும், சில ஆண்டுகளில் பெயர் வெளியிடும் வழக்கம் நின்றது. 2014இலேதான் அது மீண்டும் தொடங்கியது.

நம் நாட்டிற்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் நமக்கு வழங்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் எனும் வரிச்சலுகை, மனித உரிமை, தொழில், சுற்றாடல், நல்லாட்சி ஆகியன பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு பிணைக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் அது நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீளக் கிடைத்தது. ஒன்றியம் குறை கண்டது மனித உரிமைகள் பற்றிய அரசின் நடைமுறையில். வரிச்சுமை ஏறியதோ தொழிற்சாலையில் தைத்த ஆடையின்மீது.

ஆகவே நிபந்தனை விதிப்பது மட்டும் போதாது. திருந்துவோர் கையிலேயே பயன் சேரவேண்டும். நடுநிலையாளர் கண்டதை ஊரறியச் சொல்லவேண்டும். இவ்விரண்டும் உள்ள உடன்படிக்கையே உழைப்பவரின் வாசல்வரை நன்மையைக் கொண்டுசெல்லும்.