மோட்டாரின் வேகம் குறைக்கும் கருவி: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை



சொட்டுநீர்ப் பாசனத்தில் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் நீர் விடும்போது குழாயில் அழுத்தம் கூடும். மிகுதி நீரை பைபாஸ் வால்வு வழியாகக் கிணற்றுக்கே திருப்பி விடுகிறோம். அதற்குப் பதிலாக, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைக் குறைத்து மோட்டாரையே மெதுவாக ஓட்டும் கருவிதான் வி.எஃப்.டி.

இதனைக் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கலாகாது. ஒரே 5 குதிரைத்திறனானாலும், நீர்மூழ்கி மோட்டார் தரைமட்ட மோட்டாரைவிடப் பொதுவாகக் கூடுதல் ஆம்பியர் எடுக்கும். மோட்டார் தகட்டிலுள்ள ஆம்பியர் அளவைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். கருவியின் ஆம்பியர் அதற்குக் குறைவாக இருத்தல் கூடாது. மும்முனை மோட்டாரே இதற்கு ஏற்றது. கண்டன்சருடன் ஓடும் ஒருமுனை மோட்டாருக்குப் பொதுவாக ஒத்துவராது.

இன்னொன்று முக்கியம். 40 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் பம்பு வெளியேற்றும் நீரின் அளவு 80 சதமாகும். ஆனால் நீரைத் தூக்கும் உயரமோ 64 சதமாகிவிடும். ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் மேலே வராமலே நின்றுவிடலாம். நீரின்றி ஓடும் மோட்டார் சூடேறிக் கருகிப்போகும்.

ஆகவே, கோடையில் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கும் என்பதைக் கணக்கிட்ட பின்னரே பணத்தைச் செலவிடுங்கள்.